கூரையைக் கழற்றிப் போட்ட கொந்தராத்துக்காரர்

என் தாயார் எங்கள் சொந்த வீட்டுக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தபோது, அந்த வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை.

வலது காலை முன்வைத்து வாசற்படியைத் தாண்டினார். இரு கைகளையும் கூப்பியபடி உள்ளே வந்து, சாமிப் படம் வைக்க எந்தச் சுவர் தோதாக இருக்கும் என்று பார்ப்பவர் போலச் சுற்றிலும் நோக்கினார். பிறகு அண்ணாந்தார். மேலே அட்டன் மலையின் சாம்பல் நிற வானம். ரயில் நிலையப் பக்கமிருந்து ஏறி வந்த மூடுபனி சுவரின் மேலாக நழுவி, எங்கள் படுக்கையறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நனைந்த சுண்ணாம்பின் வாடை எங்கும் நிறைந்திருந்தது.

அறையின் நடுவே, எங்களிடம் இருந்த ஒரே நாற்காலியில் ஒருவர் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். காக்கிக் கோட்டு, தலையில் தொப்பி, மடியில் குடை. என் மனைவி பாக்கியம் போட்டுக் கொடுத்த தேநீரை ஊதி ஊதிக் குடித்தவாறு என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குச் சொந்தக்காரனாகிய நானோ அவர் எதிரில் கைகட்டி நின்று, "சரிங்க ஐயா, சரிங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாயார் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்.

"ஏன்டா ராமையா, இவரு யாரு? வீட்ட வித்தவரா?"

"இல்லம்மா. கொந்தராத்துக்காரரு. வீட்டத் திருத்திக் குடுக்க நம்ம வச்சிருக்கிறவரு."

"நம்ம வச்சிருக்கிறவரா?" தாயார் அவரை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பார்த்தார். "அப்பறம் நீ ஏன் நிக்கிற?"

இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. இன்று இருக்கிறது. அதைச் சொல்லச் சற்றுப் பின்னால் போக வேண்டும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

பேர் வெட்டிய பிறகு

ஐம்பதுகளின் பிற்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் தாயார் சிறுமியாக இருந்த நாள் முதல் கொழுந்து பறித்து வந்தார். தந்தையார் முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகனான நான் தோட்டத்தில் பேர் பதியாமல் அட்டனுக்கு வந்து, தையல் தொழில் பழகி, கடைவீதியில் சிறியதொரு தையற்கடை வைத்தேன். அந்த வரலாற்றை இத்தொடரில் முன்பே விரிவாக எழுதிவிட்டேன். கடையின் பின்னால் பலகைத் தடுப்புக்குள் நானும் பாக்கியமும் குடியிருந்தோம். துணிக் கட்டுகளுக்கு நடுவே இருவர் படுக்கலாம்; மூன்றாவது ஆள் வந்தால் கட்டுகளின்மேல்தான் உட்கார வேண்டும்.

வயதாகிவிட்டது என்று தோட்டத்தில் தாயாரின் பேரை வெட்டினார்கள். வேலையிலிருந்து நிறுத்தி ஓய்வு கொடுப்பதை எங்கள் மக்கள் பேர் வெட்டுவது என்பார்கள். வேலை போனால், தோட்டம் கொடுத்த வரிசை வீட்டு அறையான லயத்துக் காம்பராவும் போகும். அந்தக் காம்பராவில் வேலைக்குப் போகும் வேறு பேர் எதுவும் இல்லாததால், மே மாதம் முடிவதற்குள் காலி செய்து கொடுக்க வேண்டும் என்று கண்டாக்கையா வந்து சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கீழே மலைவேலையை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தரையே நாங்கள் அவ்வாறு அழைப்போம். அவர் கெட்ட மனிதர் அல்லர். "மீனாச்சி, நான் என்ன செய்ய? துரையோட உத்தரவு" என்று தாயாரிடம் தரையைப் பார்த்துச் சொன்னாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயார் கடைக்கு வந்து துணிக் கட்டின்மேல் அமர்ந்தார்.

"எனக்கு ஒரு மூல போதும்டா ராமையா."

"இருக்கிற நாலு மூலயிலயும் துணி இருக்கு அத்த" என்றாள் பாக்கியம். தாயார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மே மாதம் முடிந்த மறுநாள் என் தாயார் எங்கே படுப்பார் என்ற ஒன்றே அன்று முதல் என் மண்டைக்குள் தையல் இயந்திரம் போல ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வேளையில்தான் ரயில் நிலையத்துக்கு மேலே, ஒழுங்கை எனப்படும் செங்குத்தான சந்து ஒன்றில், பழைய கல்வீடு விலைக்கு வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் கொழும்புக்குப் போய்விட்டார். சுவர் கருங்கல். கூரைத் தகரமோ துருப்பிடித்துச் சல்லடையாகியிருந்தது. கடையில் சேர்த்ததையும் பாக்கியத்தின் காதிலும் கழுத்திலும் இருந்ததையும் போட்டு வாங்கினோம்.

நொத்தாரிசு வீட்டின் உறுதிப் பத்திரத்தை வாசித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுப் பதில் வராமல் இருந்த காலம் அது. இந்த நாட்டில் என் பேர் எங்கே நிற்கிறது என்று எனக்கே தெரியாது. அந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வடக்கே ரயில்வே காணி, தெற்கே ஒழுங்கை என்று எல்லைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவற்றுக்கு நடுவே என் பேர் இருந்தது. மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து அவர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

திட்டுகிறவரும் கேட்கிறவரும்

வீட்டைத் திருத்த ஆள் தேடியபோது இருவர் வந்து பார்த்தார்கள்.

முதலில் வந்தவர் பியதாச என்ற சிங்கள மேசன். மேசன்மாரையும் தச்சர்களையும் இங்கே பாஸ் என்று அழைப்பது வழக்கம். பியதாச பாஸ் சுவரைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு கற்குவியலின்மேல் உட்கார்ந்து, என்னை மாத்தயா என்று மரியாதையாக அழைத்து, சமையலறையிலிருந்து தொடங்கி எங்களிடம் கேள்வி கேட்டார்.

"மாத்தயா, குசினி எந்தப் பக்கம் வேணும்? ஜன்னல் எத்தன? அம்மாவுக்குப் படி ஏற ஏலுமா?"

நானும் பாக்கியமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றேன். அவர் ஒழுங்கையில் இறங்கி மறைந்ததும் பாக்கியம் சொன்னாள்: "இவருக்கு வேல தெரியாது போலங்க. எல்லாத்தையும் நம்மகிட்டயில்ல கேக்குறாரு."

எனக்கும் அதே எண்ணந்தான்.

இரண்டாமவர் கண்டியைச் சேர்ந்த கொந்தராத்துக்காரர் வேலாயுதம். அவர் எதையும் கேட்கவில்லை. வந்ததும் குடை நுனியால் சுவரைக் குத்தினார். காரை உதிர்ந்தது.

"எந்த மடையன்யா கட்டுனான் இத? ஏய், நீ தள்ளி நில்லு. வெளிச்சத்த மறைக்காத."

நான் தள்ளி நின்றேன். என் உள்ளத்தில் பெரிய நிம்மதி உண்டாயிற்று. பாக்கியத்தின் முகமும் தெளிந்தது. "இவருக்குத் தெரியும்" என்று என் காதில் சொன்னாள்.

இதைப் படிக்கும் பட்டணத்து வாசகர்கள் எங்களைப் பேதைகள் என்று நினைக்கலாம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளங்கும். அங்கே வேலை தெரிந்தவர் என்று நாங்கள் கண்டவர் எல்லாரும் திட்டுகிறவர்கள். கங்காணி திட்டுவார்; அவரைவிடப் பெரிய குரலில் கண்டாக்கையா திட்டுவார்; துரை வந்தால் மலையே அடங்கும். குரலின் அளவே அறிவின் அளவு என்று பால்குடி நாளிலிருந்து படித்தவர்கள் நாங்கள். கதவு எங்கே வேண்டும் என்று எங்கள் பாட்டன் காலத்திலிருந்து எவரும் எங்களைக் கேட்டதில்லை. கேட்கிற மனிதரைக் கண்டதும், இவருக்குத் தெரியாததால்தானே கேட்கிறார் என்று நினைத்தோம்.

வேலாயுதத்துக்கு முன்பணம் கொடுத்தோம்.

நுவரெலியாவில் சீசன்

குறை சொல்லக்கூடாது, கூரையைக் கழற்றும் வேலையை அவருடைய ஆட்கள் ஒரே நாளில் முடித்தார்கள். பழைய தகரங்கள் ஒழுங்கையில் உருண்டு போன சத்தத்துக்கு ரயில் நிலையத்திலிருந்தே ஆட்கள் ஓடி வந்தார்கள். மறுநாள் எவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

சித்திரை மாதம் பிறந்துவிட்டது. கொழும்புக் கனவான்கள் குளிர்ச்சி தேடி நுவரெலியாவுக்கு வரும் சீசன் காலம். அங்கே ஒரு பங்களாவுக்கு வர்ணம் பூசும் கொந்தராத்து அவருக்குக் கிடைத்திருந்தது. எங்கள் வீடு வானத்தைப் பார்த்தபடி நின்றது.

ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினேன். ரோசாப் பாத்திகளுக்கு நடுவே குடையால் வேலைக்காரர்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் சிவந்தது.

"கூரையில்லாத வீட்ட அப்பிடியே போட்டுட்டு இங்க ஏன்யா வந்த? எவனாவது உள்ள எறங்கிட்டா?"

"கதவப் பூட்டிட்டுத்தான் வந்தேங்க ஐயா. மன்னிச்சுக்கங்க."

"போ, போ. வேல கெடக்கு."

திரும்பி வரும் வழியில், பஸ் நானுஓயாவைத் தாண்டிய பிறகுதான், எதற்காக மன்னிப்புக் கேட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

பத்துச்சீட்டு

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். ரயிலில் கண்டிக்குப் போகும் வழியில் எங்கள் தொல்லையைத் தீர்த்துவிட்டுப் போகலாம் என்று வேலாயுதம் அட்டனில் இறங்கிய தினம் அது. தற்செயலாகத் தாயாரும் அன்றுதான் வீட்டைப் பார்க்க வந்திருந்தார். கூரை இல்லாத செய்தியை அவரிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

நான் ஏன் நிற்கிறேன் என்ற கேள்விக்குப் பிறகு, தாயார் நேரே கொந்தராத்துக்காரரிடமே பேசினார்.

"ஐயா, கூர எப்ப போடுவீங்க?"

"ஆனி மாசம் பாக்கலாம்."

"மே மாசத்துக்குள்ள நான் காம்பராவ விட்டு வரணுமேங்க."

"அது ஒன் பாடு கெழவி. மழ பேஞ்சா ஒரு சாக்கப் போட்டுக்க."

தாயார் கோபப்படவில்லை. கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ராமையா, இவருக்குப் பத்துச்சீட்டக் குடுத்து அனுப்பு."

பத்துச்சீட்டு என்பது, இனி உனக்கு இங்கே வேலை இல்லை என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் துண்டு. அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் லயங்களில் அடுப்பு அணைந்துவிடும். குடும்பம் குடும்பமாக மூட்டை கட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். அதைக் கொடுக்கிற பக்கத்தில் எங்களில் ஒருவர் நின்று நான் கண்டதில்லை.

கட்டியிருந்த கைகளை அவிழ்த்தேன்.

"ஐயா, நாளையிலருந்து நீங்க வர வேணாம்."

அவர் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தார். "நானில்லாம என்ன செய்வ? அண்ணாந்து ஆகாயத்தப் பாத்துக்கிட்டு இருப்பியா?"

"இத்தன நாளு நீங்க இருந்தும் அதத்தாங்க பாத்தோம்" என்றாள் பாக்கியம்.

நாற்காலி எங்களுடையது என்பதால் அவரால் எழுந்து போக மட்டுமே முடிந்தது. முன்பணம் போனது போனதுதான். ஆனால் அவர் ஒழுங்கையில் இறங்கியதும் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அது இன்னும் சூடாக இருந்தது. அப்படியொரு சுகமான இருக்கை அதன்பின் எனக்கு வாய்க்கவில்லை.

கற்குவியலில் ஒரு பகல்

அன்றே பியதாச பாஸைத் தேடிப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை இடித்துரைக்கவில்லை. மறுநாள் வந்து மேலே பார்த்துவிட்டு, "கூரை இல்லாதது நல்லம் மாத்தயா. வெளிச்சத்துல வெடிப்பெல்லாம் நல்லாத் தெரியுது" என்றார். பிறகு பழைய கற்குவியலில் அமர்ந்து, இம்முறை தாயாரிடம் திரும்பினார்.

"அம்மா, குசினி எங்க வேணும்?"

"எங்கயாச்சும் வைங்க பாஸ்."

"எங்கயாச்சும்னு ஒரு எடம் இந்த வீட்டுல இல்லயே அம்மா."

தாயார் தடுமாறினார். மழையிலும் வெயிலிலும் வாடாத என் தாயார், வகுப்பில் பேர் கூப்பிடப்பட்ட பள்ளிப் பிள்ளை போல முந்தானையைத் திருகினார். பியதாச பாஸ் அவசரப்படவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். விடை வராமல் அவர் வேலையைத் தொடங்கப் போவதில்லை என்பது எங்களுக்கு விளங்கிற்று.

"பின்னாடி..." என்றார் தாயார் ஒருவழியாக. "பின்பக்கம் வைங்க. படுக்கிற எடத்துக்குப் பொக வரக்கூடாது."

"ஹரி" என்றார் பாஸ்; சரி என்பதற்குச் சிங்களத்தில் அப்படிச் சொல்வார்கள். "கதவு எவ்வளவு ஒசரம்?"

"தலயில வெறகுக் கட்டோட குனியாமப் போகணும்."

"ஹரி. ஜன்னல்?"

"ஜன்னல் வேணாம். குளிரும்."

"ஜன்னல் வேணும் பாஸ்" என்று பாக்கியம் குறுக்கிட்டாள். "யாரு வாறாங்கன்னு நான் பாக்கணும்."

"யாரு வந்தா என்னடி? கதவத் தட்டுவாங்க."

"தட்டுறதுக்கு முன்னால தெரியணும் அத்த. கடங்காரன்னா நான் குசினிக்குப் போயிரலாமில்ல?"

பியதாச பாஸ் கைகொட்டிச் சிரித்தார். ஒரே ஜன்னல், ஒழுங்கைப் பக்கம், உள்ளே தாழ்ப்பாளுடன் என்று மத்தியஸ்தம் செய்துவைத்தார். அதன்பின் தாயாரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அம்மி இங்கே, விறகு அங்கே, தன் அறைக்குத் தனிக் கதவு, கதவுக்கு உட்பக்கம் கொண்டி என்று அடுக்கிக்கொண்டே போனார். மாலையில், சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்த கதவை ஒரு சாண் தள்ளிப் போடச் சொன்னார்.

"அம்மா, காலையில எங்கயாச்சும்னு சொன்னீங்களே!"

"காலையில எனக்குத் தெரியாது பாஸ். இப்பத் தெரியுது."

ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

சுவர் முடிந்தபோது மே மாதம் நடுவைத் தாண்டியிருந்தது. கைமரங்கள் ஏறிவிட்டன. புதுத் தகரங்களை ஏற்றி வந்த லொறி ஒழுங்கையின் அடியிலேயே நின்றுவிட்டது. அந்த ஏற்றத்தில் எந்த லொறியும் ஏறாது. தகரங்களைத் தூக்கப் பியதாச பாஸிடம் இரண்டே ஆட்கள். தென்மேற்கு மழை மலைக்கு அந்தப் பக்கம் கறுத்துக்கொண்டு நின்றது.

தாயார் தோட்டத்துக்குப் போய் லயத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டு வந்தார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்தார்கள். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, கயிறும் சும்மாடுமாக, ஆணும் பெண்ணும் ஒழுங்கை நிறைய நின்றார்கள். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிப்பதைப் பெரட்டு என்போம். வாழ்நாள் எல்லாம் அந்த வரிசையில் நின்ற என் தாயார், அன்று தமது வீட்டு வாசற்படியில் ஏறி நின்று வேலை பிரித்தார்.

"பொம்பளைங்க வளைவு வரைக்கும் நில்லுங்க. ஆம்பளைங்க அடியில. கைமாத்திக் கைமாத்தி வரட்டும். எவனாவது வெத்தல போட ஒக்காந்தா அரப் பேருதான்!"

அரைப் பேர் என்றால் அரை நாள் கூலி. கூலியே இல்லாத வேலைக்கு அரைப் பேர் போடுவதாக மிரட்டியதும் ஒழுங்கை முழுவதும் சிரிப்பு எழுந்தது.

"கங்காணியம்மா, தேத்தண்ணி எப்ப?" என்று அடியிலிருந்து ஒருவர் கத்தினார்.

"மொதல்ல தகரம், அப்பறம் தேத்தண்ணி!"

தகரங்கள் கைக்குக் கை மாறி மேலே வந்தன. ஒவ்வொன்றும் வளைவில் திரும்பும்போது வெயில் பட்டு மின்னியது. மேலே பியதாச பாஸின் சுத்தியல் ஓயவில்லை. பாக்கியம் பெரிய அண்டாவில் இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் கொதித்துக்கொண்டே இருந்தது. பிற்பகலில் கடைசி ஆணி இறங்கியது.

பிறகு எல்லாரும் உள்ளே வந்து, அண்ணாந்தபடி மழைக்காகக் காத்திருந்தோம். பொல்லாத மழை, அன்று பார்த்து வரவில்லை. நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு மனக்குறையோடு தோட்டத்துக்குத் திரும்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து, கடையில் நான் ஒரு காற்சட்டைக்கு இடுப்புப் பட்டி வைத்துக்கொண்டிருந்தபோது பெருமழை பிடித்தது. சற்று நேரத்தில் பாக்கியம் ஒழுங்கையிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்றாள். தலை முதல் கால் வரை தண்ணீர் ஒழுகியது.

"ஒரு சொட்டு எறங்கலங்க!" என்றாள் மூச்சு வாங்க. "ஒரு சொட்டு!"

வாசலில் நின்றவர்

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போதே தாயார் காம்பராவைக் காலி செய்தார். பூட்டுடன் வந்த கண்டாக்கையா இரக்கப்பட்டாராம். "கூரை இல்லாத வீடாமே மீனாச்சி? இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போ. துரைகிட்ட நான் பேசிக்கிறேன்."

"கூர போட்டாச்சுங்க ஐயா. அட்டன் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க."

மரியாதைக்குச் சொன்ன சொல் என்றே நினைத்தோம். ஆடி மாதத்தில் ஒரு நாள், காற்றும் மழையுமாக இருந்த வேளையில், ஜன்னல் வழியாகப் பார்த்த பாக்கியம், "அத்த, கண்டாக்கையா வாறாரு" என்று குரல் கொடுத்தாள். தாயார் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

அவர் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு தாயாரைப் பார்த்தார். மழைநீர் அவர் காதோரம் வழிந்துகொண்டிருந்தது.

லயத்தில் அவர் எங்கள் காம்பராவுக்குள் எத்தனையோ முறை வந்திருக்கிறார். தோட்டத்துத் தேயிலைக் கட்டையைத் திருடி எரிக்கிறோமா என்று அடுப்பைக் கிளறிப் பார்த்திருக்கிறார். சுகமில்லை என்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்த தாயாரின் கம்பளியை விலக்கி, மெய்யாகவே காய்ச்சலா என்று பார்த்திருக்கிறார். வருவதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை.

"மீனாச்சி," என்றார், "உள்ள வரலாமா?"

தாயார் அவருடைய சேறு படிந்த சப்பாத்துக் கால்களைப் பார்த்தார்.

"வாங்க ஐயா. சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க. தரை இப்பத்தான் பூசுனது."

கண்டாக்கையா வாசற்படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். ஈரத்தில் முடிச்சு இறுகிப் போயிருந்தது, வெகுநேரம் பிடித்தது. என் தாயார் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவரை அவசரப்படுத்தவில்லை.